விளையாட்டுத் திடலும் விசுவாச வாழ்வும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் கல்லறைத் திருநாள். மாலையில் பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். தாத்தா, பாட்டியின் கல்லறையருகே முழந்தாளிட்டோம். ஆனால் நம் உள்ளம் எங்கே இருந்தது? நவி மும்பையில்! அன்றுதான் மகளிர் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டம். மழையால் தாமதமாகி மாலை 5 மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை நள்ளிரவு வரை கண்கொட்டாமல் பார்த்தோம். தென் ஆப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று, இந்திய மகளிர் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியபோது நாம் துள்ளிய துள்ளலுக்கு அளவே இல்லை. 53 மணிச் செபமாலை முடிவதற்குள் மூன்று முறை கொட்டாவி விடும் நமக்கு, அன்று ஏழு மணி நேரம் போனதே தெரியவில்லை.

விளையாட்டில் உள்ள ஆர்வத்தில் பாதியேனும் பக்தியில் இருக்கக் கூடாதா என்று பெரியவர்கள் நம்மைக் கடிந்துகொள்வதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் விளையாட்டைக் குறை கூறுவதால் மட்டும் பக்தி வளர்ந்துவிடுமா? விளையாட்டிடமிருந்து பக்தி கற்றுக்கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்று சற்றே சிந்திப்போம்.

நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுல், கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கி, கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தி அறிவித்தார். அந்நகருக்கு அருகே இஸ்த்மியா என்னுமிடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்துவந்தது. எனவே, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் அவர் உவமையாக எடுத்தாள்வதில் வியப்பில்லை. இஸ்த்மியாவில் வென்றவருக்குப் பைன் மரத் தழையால் கட்டிய முடியைச் சூட்டுவார்கள். சில நாட்களில் அது சருகாகிவிடும். வாடிப்போகும் முடிக்காக வீரர் இவ்வளவு பயிற்சி செய்தால், வாடாத முடிக்காக நாம் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும் என்பதே அவர் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவுல் உவமையாக்கியது ஓடுகிறவரை. வேடிக்கை பார்க்கிறவரை அல்ல. கைதட்டுவது ஆர்வம், விடியற்காலையில் எழுந்து ஓடுவது பயிற்சி. நவம்பர் 2 இரவில் நாம் காட்டியது ஆர்வமே. ஆடுகளத்தில் நின்ற பெண்கள் காட்டியதோ பல்லாண்டுப் பயிற்சி. அப்படியானால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: திருப்பலியிலும் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகவே அமர்ந்திருக்கிறோமா?

அவ்வணியில் ஆடிய ஜெமிமா ரோட்ரிக்ஸ், மும்பை பாந்திராவில் ஒரு கன்னியர் பள்ளியில் படித்தவர். அத்தொடரிலேயே ஓர் ஆட்டத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டவர். ஆயினும் அக்டோபர் 30 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர், தாம் மனக்கலக்கத்தால் அழுத நாட்களை மறைக்காமல் சொல்லி, இயேசுவுக்கு நன்றி கூறினார். வென்றதால் அவர் விசுவாசம் மெய்யாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. எதிரணியிலும் செபித்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? கடவுள் ஓர் அணியின் ஆதரவாளர் அல்லர். அழுத நாட்களிலும் செபத்தைக் கைவிடாதிருந்ததே அங்கு நாம் கற்க வேண்டிய பாடம். மதிப்பெண்ணுக்காக மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றும் நமக்கு இது பெரிதும் தேவை.

நம் மலைக்கு அப்புறமுள்ள இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழாவில் பிறந்தவர் ஷைனி ஆபிரகாம். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் முந்திச் சென்றும், உரிய இடம் வருமுன்பே தம் பாதையை விட்டு உட்பாதைக்கு வந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வேகம் இருந்தும் விதி தவறினால் பரிசு இல்லை. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலும் இதே கருத்து உண்டு. ஆனால் ஷைனி திடலை விட்டுப் போய்விடவில்லை. அதே விழாவில் 400 மீட்டரில் வெள்ளியும், தொடர் ஓட்டத்தில் தங்கமும் பெற்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றார். தவறுவது மனித இயல்பு. தவறியபின் எழுந்து வருவதே சிறப்பு. ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்பிப்பதும் இதுவன்றோ?

இவை யாவற்றையும் விடப் பெரிய பயிற்சித் திடல் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடி என்று வேடிக்கையாகச் சொல்வோம். அந்த ஏலக்காயைப் பறிப்பதற்கு, விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, முந்தல் தாண்டி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செல்கிறவர்கள் யார்? நம்மில் பலருடைய அம்மாவும் அக்காவும் சித்தியும்தான்! ஏலச் செடியில் காய் பிடிப்பது அடித்தூரில். ஆதலால் நாள் முழுதும் குனிந்தே வேலை செய்ய வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். பிஞ்சைத் தொடாமல், உள்ளே விதை கறுத்த காயை மட்டும் விரலால் தேர்ந்து எடுக்க வேண்டும். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மழையும் உண்டு, அட்டைக் கடியும் உண்டு. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும். இவர்களுக்குக் கைதட்ட ஆளில்லை, கோப்பையும் இல்லை.

இருட்டியபின் வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, நமக்குச் சோறு போட்டுவிட்டு, செபமாலையை எடுத்து முழந்தாளிடும் தாய், முதல் பத்து மணி முடியுமுன்னே கண்ணயர்வதை நாம் கண்டதில்லையா? அந்தக் கொட்டாவியும் நம் கொட்டாவியும் ஒன்றல்ல. அவர் ஓடிக் களைத்தவர். நாமோ இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

அன்புத் தோழியரே! திடலில் நாம் காட்டும் உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளையாட்டு விழாவில் உரக்கக் குரல் எழுப்புவோம், ஓடுவோம், தோற்றால் வென்றவளின் கையைக் குலுக்குவோம். ஆனால் இன்றிரவு வீட்டில் அம்மாவின் கையிலிருக்கும் செபமாலையை நாம் வாங்கி, அவர் விட்ட மணியிலிருந்து நாம் தொடங்குவோம். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றிக்கொள்வதும் இப்படித்தானே? பந்தயத்தில் ஒருவருக்கே முதற் பரிசு. விசுவாச ஓட்டத்திலோ இறுதிவரை ஓடும் அனைவருக்கும் பரிசு உண்டு. கல்லறைத் திருநாளில் நாம் அவசர அவசரமாக ஏற்றிவிட்டு வந்த மெழுகுவர்த்தி, அந்த ஓட்டத்தை ஓடி முடித்தவர்களுக்கானது. அடுத்த நவம்பரில், அவர்கள் அருகில் இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டு வருவோம்.