பிள்ளைகளுக்குத் துணைநிற்பவருக்கு யார் துணை?

எமது பாடசாலைகள் பலவற்றில், பாடம் கற்பிப்போருடன், பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்டு வழிகாட்டும் உளவளத்துணை ஆசிரியர்களும் பணிபுரிகின்றனர். தந்தையை இழந்த பிள்ளை, காணியிழந்து கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, இரவில் திடுக்கிட்டு எழும்பும் பிள்ளை எனப் பலர் இவர்களிடம் வருகின்றனர்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2009இல் வன்னி மக்கள் முகாம்களுக்கு வந்தபோதும் பிள்ளைகளோடு ஆசிரியர்களும் வீடிழந்தனர். தம் இழப்பைச் சுமந்தபடி பிறர் துயரைக் கேட்பவர் நாளடைவில் களைத்துவிடுவார். எரிச்சல், தூக்கமின்மை, பிள்ளையைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் என்பன அதன் அறிகுறிகள். இது குணக்குறை அன்று, வேலையின் பாரம்.

இதற்கு உதவும் வழிகளுள் முக்கியமானது தொழில்சார் மேற்பார்வை. மேற்பார்வை என்றதும் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வரலாம். இது அதுவன்று. அனுபவமுள்ள ஒருவருடன் ஒழுங்காக, குறித்த நேரத்தில் அமர்ந்து, செய்த வேலையை மீட்டுப் பார்ப்பதே இது. சமூகப்பணி அறிஞர் அல்பிரட் கடூஷின் இதற்கு மூன்று பணிகளைக் கூறினார்: வேலை ஒழுங்காக நடைபெறச் செய்தல், கற்பித்தல், ஆதரவளித்தல்.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட அவசரகால உளசமூக வழிகாட்டியும், தொடர் மேற்பார்வையற்ற குறுகிய பயிற்சியை மட்டும் நம்பிச் சிக்கலான உளச்சிகிச்சைப் பொறுப்புகளை எவரிடமும் ஒப்படைக்கலாகாது என எச்சரிக்கிறது.

இரண்டு விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். முதலாவது, இடமாற்றத்தையும் சம்பள ஏற்றத்தையும் தீர்மானிப்பவரே மேற்பார்வையாளராக இருந்தால் ஆசிரியர் மனந்திறந்து பேசத் தயங்குவார். ஆகவே வேறொருவர் இருப்பது நல்லது. இரண்டாவது, அங்கு பிள்ளையின் பெயர் வெளிப்படாமலே பேசவேண்டும். ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து எனில், இரகசியத்தைவிடப் பாதுகாப்பே முந்தியது. அறியவேண்டியவருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

பெற்றோராகிய நாம் என்ன செய்யலாம்? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். எமது உளவளத்துணை ஆசிரியருக்கு மேற்பார்வையாளர் யார்? அதற்கு நேரசூசியில் இடமுண்டா? பிள்ளையுடன் தனித்துப் பேச ஓர் அறையாவது உண்டா? அத்துடன், அயல்வீட்டுப் பிள்ளை என்ன சொன்னது என்று அந்த ஆசிரியரிடம் துருவிக் கேளாதிருப்போம்.

உழுத மாட்டை நுகம் கழற்றித் தண்ணீர் காட்டாமல் அடுத்த வயலுக்கு ஓட்டுபவர் எம்மில் இல்லை. எம் பிள்ளைகளின் பாரத்தைச் சுமப்பவருக்கும் அந்த ஓய்வும் ஆதரவும் கிடைக்கச் செய்வோம்.