சேதன முத்திரையும் நைதரசன் சாட்சியமும்

சேதன விளைபொருள் என்ற முத்திரையை நம்பி நுகர்வோர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். அம்முத்திரை பொய்யாயின், நேர்மையாகப் பயிரிடும் விவசாயிகளே முதலில் நட்டமடைகின்றனர்.

பீடைகொல்லி எச்சங்களைத் தேடும் வழமையான பரிசோதனை, இரசாயனப் பசளை இடப்பட்டதா என்பதைச் சொல்லாது. அதற்கு விஞ்ஞானிகள் நைதரசனை நாடுகின்றனர். யூரியாவின் நைதரசன் வளியிலிருந்தே பெறப்படுவதால், அதில் பாரமான நைதரசன்-15 சமதானியின் விகிதம் ஏறத்தாழ வளியில் உள்ளவாறே இருக்கும். மாட்டெருவிலோ, இலேசான நைதரசன்-14 அமோனியாவாக முந்திக்கொண்டு வெளியேற, நைதரசன்-15 இன் பங்கு கூடுகின்றது. எருவுண்ட மரக்கறியும் அவ்வடையாளத்தைத் தாங்கி நிற்கும். திணிவு நிறமாலைமானி அதனை அளந்துவிடும்.

ஆயினும் தீர்ப்புக் கூற இது மட்டும் போதாது. பயறு, கௌபி போன்ற அவரையினங்கள் வளி நைதரசனையே பதிக்கின்றன. அவற்றைப் பசுந்தாட்பசளையாக இட்டவரின் கீரையும் யூரியா இட்டது போன்றே தோன்றக்கூடும். ஆகவே, சந்தேகத்துக்குரிய மாதிரிகளைப் பிரித்தெடுக்கவே இவ்வாய்வு உதவும். மிகுதி வயற் பதிவேட்டையும் பரிசோதகரின் நேரடி விஜயத்தையும் பொறுத்தது.