ஒரே வண்டி, விலை மட்டும் பல! ஏன்?

ஒரே பெயர், ஒரே தோற்றம். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து உருவாகி வெளிவருகின்றன இரண்டு கார்கள். முதல் காரின் விலை ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய். அடுத்ததன் விலை ஏறத்தாழ 20 லட்சம்! இடையில் உள்ள 9 லட்சம் ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது?

இது கற்பனைக் கணக்கு அன்று. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் உருவாகும் கிரெட்டா என்னும் நடுத்தர எஸ்.யு.வி. காரின் புதிய வடிவம் 2024 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அன்று அறிவிக்கப்பட்ட விலைகளே இவை. அடிப்படியில் இருந்து உச்சிப்படி வரை அந்தக் காருக்கு 7 படிகள் இருந்தன. விற்பனையாளர்கள் இவற்றை ‘வேரியன்ட்’ என்பார்கள். ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் கார்களுக்கும் இத்தகைய ஏணி உண்டு.

வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழும்போது, விளக்கப் புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம்தான் வரும். அந்தப் பிள்ளை இயற்பியல் படித்தவராகவும் இருந்தால், குடும்பத்தின் பணத்தோடு உயிரையும் காக்கலாம். எப்படி என்று காண்போம்.

ஏணி பிறந்த கதை

ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற ‘மாடல் டி’ கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. எல்லாருக்கும் ஒரே கார் என்பது அவர் கொள்கை. அவருக்குப் போட்டியாக நின்ற ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழியை எண்ணினார். ஒவ்வொருவர் பணப்பைக்கும் ஏற்ப ஒரு கார் என்பது அவர் கொள்கை. அதே கம்பெனியின் செவ்ரோலே கார் 1953இல் 150, 210, பெல் ஏர் என்ற மூன்று படிகளில் வந்தது. உள்ளே இருந்த எலும்புக்கூடு ஒன்றுதான். துணி, பளபளக்கும் உலோகப் பட்டை, வண்ணம் ஆகியவையே பெரிதும் வேறுபட்டன.

அன்று படி என்பது அலங்காரம். இன்றோ அலங்காரத்துடன் பாதுகாப்பும் எஞ்சினும் ஒரே பொட்டலமாகக் கட்டப்படுகின்றன. ஆகவே பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

முதல் கேள்வி: பின்னால் சேர்க்க இயலுமா?

விளக்கப் புத்தகத்தில் நூறு வரிகள் இருக்கும். அவற்றை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். கார் வாங்கிய பின்னும் கடையில் வாங்கிப் பொருத்தக்கூடியவை ஒரு பத்தியில் வரட்டும். இருக்கை உறை, பாட்டுப் பெட்டி, அலாய் சக்கரம், பின்புறக் காமிரா முதலியன இதில் அடங்கும். தொழிற்சாலையில் மட்டுமே பொருத்தக்கூடியவை மற்றொரு பத்தி. காற்றுப்பைகள், மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, பின்சக்கர டிஸ்க் பிரேக், எஞ்சின் ஆகியவை இங்கே வரும்.

முதல் பத்தியில் குறை இருந்தால் பிறகு சரிசெய்யலாம். இரண்டாம் பத்தியில் குறை இருந்தால் அந்தக் காரின் ஆயுள் முழுவதும் அது குறையே. எனவே இரண்டாம் பத்தியை முதலில் ஆராய்வோம்.

காற்றுப்பை செய்யும் வேலை

நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூருங்கள். உந்தம் மாறும் வீதமே விசை. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில், செல்லும் காரில் ஒருவரின் தலை 5 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் உந்தம் 75 அலகு. கார் மோதி நின்றதும் தலை முன்னால் பாய்ந்து கெட்டியான பலகையில் இடித்து 0.005 வினாடியில் நிற்குமானால், அதன்மீது செயல்படும் விசை 15,000 நியூட்டன். காற்றுப்பையில் அமிழ்ந்து 0.05 வினாடியில் நிற்குமானால் 1,500 நியூட்டன் மட்டுமே. நேரம் பத்து மடங்கானால் விசை பத்தில் ஒன்றாகிறது.

முன்புறக் காற்றுப்பை உப்புவதற்கு ஏறத்தாழ 0.03 வினாடியே ஆகிறது. நாம் கண் இமைப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் வேண்டும். ஆனால் பை மட்டும் போதாது. வால்வோ கம்பெனிப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் வழங்கிய மூன்று முனை இருக்கைப் பட்டையால் உடலைச் சரியான இடத்தில் நிறுத்தினால்தான் பை தன் வேலையை முழுமையாகச் செய்யும்.

2015இல் வந்த முதல் கிரெட்டாவில் 6 காற்றுப்பைகள் உச்சிப்படிக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 2024 வடிவத்தில் எல்லாப் படிகளிலும் 6 உள்ளன. பாதுகாப்புச் சாதனங்கள் காலப்போக்கில் ஏணியில் கீழே இறங்கி வருகின்றன என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லாக் கார்களிலும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஆகவே எண்ணிப் பார்த்தே தீர வேண்டும்.

உயரமான வண்டியின் பலவீனம்

எஸ்.யு.வி. கார்களை மக்கள் விரும்புவதற்குக் காரணம் அவற்றின் உயரம். மேடு பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்காது. சாலை நன்றாகத் தெரியும். ஆனால் உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகிறது.

ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதை அறிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் பெரியதாக இருந்தால் வண்டி நிலையானது. சக்கர இடைவெளி 1.5 மீட்டர் என்போம். தாழ்வான காரில் ஈர்ப்பு மையம் 0.53 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை 1.42. உயரமான வண்டியில் 0.65 மீட்டர் என்றால் விடை 1.15.

சமதளத்தில் இந்த வண்டியைக் கவிழ்க்க ஈர்ப்பு முடுக்கத்தைப்போல 1.15 மடங்கு பக்கவாட்டு முடுக்கம் வேண்டும். சாதாரண டயர்களின் உராய்வு அவ்வளவு முடுக்கத்தைத் தராது. அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். அப்படியானால் ஆபத்து இல்லையா? உண்டு. பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும் வண்டி சாலை ஓரக் கல்லிலோ மென்மையான மண்ணிலோ தடுக்கினால் கவிழ்ந்துவிடும். ஆகவே வழுக்காமல் தடுப்பதே கவிழாமல் தடுப்பதற்கு வழி.

இதைத்தான் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு செய்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பதை உணர்விகள் இடைவிடாமல் அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், தேவையான ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேர்வழிக்குத் திருப்புகிறது. நான்கு சக்கரங்களையும் தனித்தனியே அழுத்த ஓட்டுநரால் இயலுமா? இயலாது. அவருக்கு இருப்பது ஒரே பிரேக் மிதி.

1997இல் சுவீடனில் திடீர்த் திருப்பச் சோதனை ஒன்றில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்தக் கார் அனைத்திலும் இந்தச் சாதனம் பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயமாயிற்று. நம் பட்டியலில் இதன் பெயர் எதிரே ‘இல்லை’ என்றிருந்தால், அந்தப் படியை அத்துடன் விட்டுவிடலாம்.

மலையேற எவ்வளவு திறன் வேண்டும்?

2024 ஜனவரியில் கிரெட்டாவின் டர்போ பெட்ரோல் எஞ்சின் உச்சிப்படியில் மட்டுமே கிடைத்தது. அதன் திறன் 160 குதிரைத்திறன். கீழ்ப்படிகளில் இருந்த சாதாரணப் பெட்ரோல் எஞ்சினுக்கு 115. ‘ஊட்டி மலைக்குப் போக வேண்டும், பெரிய எஞ்சின்தான் வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வண்டி 1,300 கிலோகிராம். ஐந்து பேரும் பெட்டிகளும் 400 கிலோகிராம். மொத்தம் 1,700. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறோம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர் ஓடி 1 மீட்டர் உயர்கிறோம். ஒரு வினாடியில் கூடும் நிலையாற்றல் 1,700 × 9.8 × 1 = 16,660 ஜூல். இதற்கான திறன் 16,660 வாட்; ஏறத்தாழ 23 குதிரைத்திறன். டயர், காற்றுத் தடைகளைச் சேர்த்தாலும் சிறிய எஞ்சினே தாராளமாகப் போதும்!

அப்படியானால் டர்போ எதற்கு? வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதனால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே டர்போ. இதனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே திருப்புவிசை அதிகமாகக் கிடைக்கும். சாதாரண எஞ்சினில் உச்ச அளவு 144 நியூட்டன் மீட்டர், டர்போவில் 253. லாரியை விரைந்து முந்துவதற்கும், கியரை அடிக்கடி மாற்றாமல் ஓட்டுவதற்கும் இது உதவும். இது வசதி, தேவை அன்று. குடும்பம் அந்த வசதிக்குப் பணம் கொடுக்க விரும்புகிறதா என்பதே கேள்வி.

இறங்கும்போது நிலைமை வேறு. அதே வண்டி 1,000 மீட்டர் மலை இறங்கினால் 1 கோடியே 66 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 56 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றுத் தடையும் ஏற்கின்றன. எஞ்சியது பிரேக்கைச் சூடாக்குகிறது. மூடிய டிரம் பிரேக்கைவிடத் திறந்த டிஸ்க் பிரேக் விரைவில் சூட்டை வெளியேற்றும். மலைப்பயணம் செய்யும் குடும்பம் பெரிய எஞ்சினைவிடப் பின்சக்கர டிஸ்க் பிரேக்கைத்தான் முதலில் தேட வேண்டும்.

பெரிய சக்கரம் நல்லதா?

டயரின் பக்கத்தில் 205/65 ஆர் 16 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. அதாவது 133 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம். மேல்படியில் 215/60 ஆர் 17 இருந்தால் பக்கச் சுவர் 129 மில்லிமீட்டர். 215/55 ஆர் 18 என்றால் 118 மில்லிமீட்டர்தான்.

சக்கரம் பெரிதாகப் பெரிதாக, குழியின் அதிர்ச்சியை ஏற்கும் ரப்பர்ச் சுவர் குறுகுகிறது. பார்வைக்கு அழகு, வளைவில் உறுதி. ஆனால் நம் ஊர்க் குழிகளில் அதிர்வு அதிகம். புது டயரின் விலையும் பெரும்பாலும் அதிகம். இங்கே கீழ்ப்படியே மேலானது என்று சொல்லலாம்.

கண்ணாடிக் கூரையும் இத்தகையதே. வானம் தெரியும்; பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் சித்திரை வெயிலில் கூடுதல் வெப்பம் உள்ளே வரும். கனமான கண்ணாடி வண்டியின் உச்சியில் அமர்வதால் ஈர்ப்பு மையமும் சிறிது உயரும்.

மின்னணுக் கண்கள்

உயர்ந்த படிகளில் ரேடாரும் காமிராவும் சாலையைக் கண்காணித்து, மோதும் நிலை வந்தால் தாமே பிரேக் போடுகின்றன. மணிக்கு 90 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை அழுத்தவே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். களைப்பறியாத கருவிக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்லும் குடும்பத்துக்கு இது பயன்படும். உள்ளூரில் மட்டும் ஓட்டுபவருக்குப் பயன் குறைவு. முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் காமிராவை மீண்டும் சரிபார்த்து அமைக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரியிலும் ஒரு படி

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான புதிய கார்களுக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு. 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. 19,90,000 ரூபாய்க் காருக்கு வரி 3,58,200 ரூபாய். 20,10,000 ரூபாய்க் காருக்கு 4,02,000 ரூபாய். விலை 20,000 ரூபாய்தான் கூடியது. வரியோ 43,800 ரூபாய் கூடிவிட்டது! ஏணியின் எல்லாப் படிகளும் ஒரே உயரம் உடையவை அல்ல.

நீங்களே செய்து பாருங்கள்

ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எதனால் விளைவு வந்தது என்று தெரியாது. இங்கும் அதே முறைதான். முழுப் பட்டியலைப் பார்க்காதீர்கள், அது மயக்கும். அடுத்தடுத்த இரண்டு படிகளை மட்டும் எடுத்து, மேல்படியில் புதிதாக வந்தவை எவை, விலை எவ்வளவு கூடியது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் மூன்று விடைகள் குறியுங்கள். இது உயிர் காக்குமா? பின்னால் சேர்க்க இயலுமா? மாதத்தில் எத்தனை நாள் பயன்படும்?

பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு மோதல் சோதனை 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 புள்ளிகளும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 புள்ளிகளும் உண்டு. நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், நாம் வாங்கும் படிக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள்.

இப்படி எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று புலப்படும். உயிர் காப்பவை முழுமையாக இடம்பெறும் படி ஒன்று இருக்கும். அதற்குக் கீழே இறங்குவது சிக்கனம் அன்று. அதற்கு மேலே ஏறுவது தவறும் அன்று, அது விருப்பம். விற்பனையாளர் கூடத்தில் மின்னும் விளக்குகளுக்கு நடுவே இந்த ஒரு கோட்டைக் கண்டுபிடித்துப் பெற்றோருக்குக் காட்ட, நீங்கள் பள்ளியில் கற்ற நியூட்டன் விதிகளே போதும்.