பல்வலி வேடத்தில் வரும் நரம்பு வலி

பல் துலக்கினால் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு. முகம் கழுவினாலும், மின்விசிறிக் காற்று பட்டாலும் அதே கதைதான். சாப்பிடவே பயம்.

முக உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாம் கபால நரம்பை, மூளைத்தண்டருகே ரத்தக்குழாய் அழுத்துவதே இந்த ‘டிரைஜெமினல் நியூரால்ஜியா’வுக்குப் பெரும்பாலும் காரணம். வலி தாடையில் தெறிப்பதால் பலரும் முதலில் ஓடுவது பல் மருத்துவரிடம். நல்ல பற்களை இழந்தவர்களும் உண்டு. வலி மட்டும் போகாது. நடிகர் சல்மான் கானும் இதனால் அவதிப்பட்டு, 2011இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றார்.

வழக்கமான வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. வலிப்புக்குத் தரும் கார்பமஸெபின்தான் முதல் மருந்து. தலைசுற்றும், தூக்கம் தள்ளும். ரத்தத்தில் சோடியமும் குறையலாம். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் திண்டு வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருந்தும் முகத்தின் ஒரு பக்கம் இப்படி வலித்தால், பல்லைப் பிடுங்கும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.