பழைய காரும் தீப்பொறிச் செருகியும்

1988 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் பாம்பன் கடலின்மீது சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மோட்டார் வண்டி தன் சக்கரத்தால் உருண்டு இராமேசுவரத் தீவை அடைய வழியில்லை. 1914 இல் அமைந்த இரயில் பாலமே துணையாக இருந்தது. புதிய பாலம் வந்தபின், இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஓடி, கார்கள் நேரே தீவுக்குள் சென்றன. அந்நாளில் நம் நாட்டில் பெருவழக்காக இருந்த கார் அம்பாசடர். அதன் உற்பத்தி 2014 இல் நின்றுவிட்டது. அத்தகைய பழைய வண்டியை இன்றும் பேணி வருவோர், அதற்குரிய உறுப்புகளைத் தேர்ந்து வாங்குவதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. அவ்வுறுப்புகளுள் தீப்பொறிச் செருகி மிகச் சிறியது. பட்டறையில் இதனைப் 'பிளக்' என்பர். விரலளவே உள்ள இப்பொருள் தவறாகத் தேரப்பட்டால், இயந்திரமே பழுதாகிவிடும்.

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. உரிய கணத்தில் பிளக்கின் இரு மின்முனைகளுக்கிடையே தீப்பொறி பாய்ந்து அக்கலவையை எரிக்கிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை பொறி எழவேண்டும். பல்லாயிரம் வோல்ட்டு மின்சாரம் வழிதவறாமல் காப்பது பிளக்கிலுள்ள பீங்கான். பாம்பன் துறையில் நிற்கும் டீசல் விசைப்படகுகளுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயை எரித்துவிடுகிறது.

துளையில் மரை பொருந்தினாற் போதும் என்று எண்ணுவது பெரும் பிழை. பழைய வில்லிஸ் ஜீப்பின் பிளக்கும், 1489 கன சென்டிமீட்டர் அம்பாசடரின் பிளக்கும் 14 மில்லிமீட்டர் குறுக்களவு உடையவை. ஆயின் முன்னதன் மரைப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், பின்னதன் நீளம் 19 மில்லிமீட்டர். அம்பாசடர் பிளக்கை ஜீப்பில் முடுக்கினால், அதன் நுனி உள்ளே நீண்டு வால்வையோ பிஸ்டனையோ இடிக்கக்கூடும். ஜீப்பின் பிளக்கை அம்பாசடரில் வைத்தாலோ பொறி குழிக்குள் ஒடுங்கிவிடும். வெறுமையாய் நிற்கும் மரைகளில் கரி படிந்து, பின்னொரு நாள் சரியான பிளக்கும் உட்புக மறுக்கும். செருகி அமரும் இடத்தையும் நோக்கவேண்டும். சில பிளக்குகள் வளையத்தோடு தட்டையாக அமர்வன. சில வளையமின்றிக் கூம்பாக அமர்வன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஆகாது.

அடுத்தது வெப்பம். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 பாகை சென்டிகிரேடுக்கு மேல் இருந்தால்தான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். 850 பாகையைத் தாண்டினாலோ, தீப்பொறிக்குக் காத்திராமல் அந்நுனியே கலவையைக் கொளுத்திவிடும். இவ்வாறு முன்கூட்டி எரிதல் நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடும். பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் மெல்ல வெளியேறும். அது 'சூடான' பிளக். குறுகியிருந்தால் விரைந்து வெளியேறும்; அது 'குளிர்ந்த' பிளக்.

இவ்வெப்ப அளவைக் காட்டும் எண்களே வாங்குவோரைப் பெரிதும் மயக்குகின்றன. ஜப்பான் நாட்டு என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி மிகும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் இக்காலக் குறிகளில் எண் ஏற ஏறச் சூடு மிகும். அதே பாஷ் நிறுவனத்தின் பழைய குறிகளிலோ முறை தலைகீழ்; 145 என்பதைவிட 225 என்பது குளிர்ந்தது. பழைய 175 இன்று 7 என வழங்குகிறது. பாஷின் துணையுடன் 1951 இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனத்தின் பழைய பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தால், அதிலுள்ள எண்ணை இன்றைய கடையில் அப்படியே கேட்டல் தகாது. நிறுவனங்கள் வெளியிடும் ஒப்புமைப் பட்டியலைப் பார்த்தே வாங்கவேண்டும். 'அம்பாசடருக்கு' என்று மட்டும் கேட்பதும் போதாது. 1990-களில் அதே உடலமைப்பில் ஜப்பானிய இசுசு வகை இயந்திரமும் பொருத்தப்பட்டது. டீசல் அம்பாசடருக்கோ தீப்பொறிச் செருகியே இல்லை.

சில நாள் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தேர்வு சரியா என்பது விளங்கும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நன்று. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது, அல்லது கலவையில் பெட்ரோல் மிகுதி. தீவுக்குள் கோயிலுக்கும் கடற்கரைக்குமாகக் குறுந்தொலைவே ஓடும் வண்டியில் இக்கரி எளிதில் சேரும். இராமநாதபுரத்திலிருந்து நில்லாது ஓடிவரும் வண்டியில் அது எரிந்துவிடும். எண்ணெய்ப் பசை காணப்பட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று ஐயுறலாம். சூடான பிளக்கால் அக்குறையைச் சில காலம் மறைக்கலாமேயன்றி நீக்க இயலாது.

கடற்கரை வண்டிக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. உப்புக் காற்று வெளிப்பீங்கானில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதிகாலை ஈரத்தில் மின்சாரம் அப்படலத்தின் வழியே கசிந்துவிட, இயந்திரம் கிளம்ப மறுக்கிறது. பிளக்கின்மேல் பழி போடுமுன் உலர்ந்த துணியால் அப்பீங்கானைத் துடைத்துப் பார்க்கலாம்.

புதிய பிளக்கை மாட்டுகையில் இயந்திரம் ஆறியிருக்கவேண்டும். 1489 இயந்திரத்திற்கு மின்முனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். மரை பழுதாகாதபடி முதலில் கையாலேயே முழுதும் திருகி, வளையம் படிந்தபின் திருகுச்சாவியால் சிறிதளவே இறுக்குதல் வேண்டும்.