சிரிப்பும் ஏளனமும்

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு, “நாளை முதல் நான் பள்ளிக்குப் போகமாட்டேன், அப்பா” என்றான். மெல்ல விசாரித்தபின் செய்தி வெளிவந்தது. அவன் இந்தி பேசும் முறையையும், மதிய உணவுக்குக் கொண்டுபோகும் தயிர்சாதத்தையும் பற்றிச் சில பிள்ளைகள் நாள்தோறும் நகையாடி வந்திருக்கிறார்கள். நாளடைவில் அவன் பெயரையே மறந்து, ‘தயிர்சாதம்’ என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம்.

அன்றிரவே வகுப்பாசிரியைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘பிள்ளைகள் என் மகனோடு ஜோக் செய்கிறார்கள், தயைகூர்ந்து கவனிக்க வேண்டும்’ என்பது அதன் சாரம். அம்மையார் அன்போடுதான் பதில் எழுதினார். பிள்ளைகள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது இயல்பே, கவலை வேண்டா என்று அதில் கண்டிருந்தது.

அவர்மீது குற்றம் இல்லை. நான் எழுதிய சொல்லுக்கு அதுவே தக்க விடை. ‘ஜோக்’ என்பது துன்பம் கலவாத சொல். அதை எழுதிவிட்டு, என் மகனின் கண்ணீரை அவர் உணரவில்லையே என்று வருந்துவது எங்ஙனம் பொருந்தும்? வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம் என்பதே அன்றாட வாழ்க்கை. ஆதலின், விளையாட்டையும் ஏளனத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டை ஓரளவேனும் அறிந்திருப்பது நமக்குப் பயன்தரும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

அகராதியைப் புரட்டினால் இச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்குக் ‘கேலி’, ‘பரிகாசம்’ என்றே பொருள் காணப்படும். ஆயினும் அவற்றைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. சிரிப்புக்கு இலக்கானவனும் சேர்ந்து சிரிக்கிறானா என்பதே அது. நம் தமிழில் வேற்றுமை உருபே இதைக் காட்டிவிடும். ‘என்னோடு விளையாடு’ என்பது அழைப்பு. ‘என்னிடம் விளையாடாதே’ என்பது எச்சரிக்கை. இந்தியில் ‘மஜாக் கர்னா’ என்றால் வேடிக்கை பேசுதல். ‘மஜாக் உடானா’ என்றால் ஒருவரை ஏளனம் செய்தல். ஆங்கிலத்திலும் ‘லாஃப் வித்’ என்பது ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது. ‘லாஃப் அட்’ என்பது அவரைப் பார்த்துச் சிரிப்பது.

சேர்ந்து சிரிக்கும் சொற்களில் ‘ஜோக்’, ‘ஜெஸ்ட்’, ‘பான்ட்டர்’ என்பன முன்னிற்பவை. இவற்றுள் ‘ஜெஸ்ட்’ வந்த வழி சுவையானது. செயல்கள் எனப் பொருள்படும் ‘கெஸ்டா’ என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, முதலில் வீரர்தம் அருஞ்செயல்களைக் கூறும் கதையைக் குறித்தது. பின்னர் வெறுங்கதையைக் குறித்தது. இறுதியில் வேடிக்கைப் பேச்சுக்குப் பெயராயிற்று. ‘பான்ட்டர்’ என்பது இருவர் மாறி மாறிச் செய்துகொள்ளும் கேலி. நம் திருமணங்களில் நலங்கின்போது பெண்வீட்டார் சம்பந்தியைக் கேலி செய்து பாட, பிள்ளைவீட்டார் எதிர்ப்பாட்டுப் பாடுவதை நினைவுகூர்க. மாமன் மைத்துனர் கேலியும் இவ்வகையே. இரு தரப்பும் சமம்; இருவருக்கும் விடையிறுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை இல்லாத இடத்தில் ‘பான்ட்டர்’ இல்லை. இன்று யாவரும் வழங்கும் இச்சொல்லைப் புதுக்கொச்சை என்று கருதி, ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-ஆம் ஆண்டு ‘டாட்லர்’ இதழில் கண்டித்து எழுதினார்.

அடுத்து, நடுவில் நிற்கும் சொல் ‘டீஸ்’. பழைய ஆங்கிலத்தில் இது கம்பளி மயிரைச் சிக்கெடுத்துப் பிரித்து இழுப்பதைக் குறித்தது. மெல்ல இழுத்தால் நூலுக்கு ஏற்ற பஞ்சு கிடைக்கும். வலிந்து இழுத்தால் அறுந்துபோகும். மனிதரைச் சீண்டுவதும் அவ்வாறே. தங்கையின் பின்னலைப் பிடித்து அண்ணன் இழுப்பதும் ‘டீஸ்’. ஒரு பிள்ளையை அழும்வரை விடாமல் வாட்டுவதும் ‘டீஸ்’. எனவே இச்சொல்லை மட்டும் கேட்டு ஒரு முடிவுக்கு வருதல் கூடாது. நம் ‘கிண்டல்’ என்பதும் கிண்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்து, இதே நிலையில் நிற்பதைக் காணலாம்.

எல்லைக்கு அப்பால் இருப்பவை வன்மையான சொற்கள். ‘மாக்’ என்பதில் பெரும்பாலும் ஒருவரைப் போலவே நடித்துக் காட்டும் பழிப்பு உண்டு. அவருடைய பேச்சையும் நடையையும் திருப்பிச் செய்து காட்டுவது. பள்ளிகளில் உண்மைத் தேர்வைப் போல நடத்தும் மாதிரித் தேர்வை ‘மாக் டெஸ்ட்’ என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். அங்கும் போலச் செய்தலே பொருள். ‘ஜியர்’ என்பது கூச்சலிட்டு எள்ளுவது. எளிய பந்தைக் கைநழுவவிட்ட கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பார்த்துக் கூட்டம் எழுப்பும் ஒலி இது. ‘டாண்ட்’ என்பது முகத்துக்கு நேரே ஒருவருடைய குறையையோ தோல்வியையோ சொல்லிக் குத்திக் காட்டுவது; அவரைச் சினமூட்டுவதே அதன் நோக்கம். ‘ரிடிக்யூல்’, ‘டிரைட்’ என்னும் இரண்டும் சிரித்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. முன்னது ஒருவரையோ ஒரு கருத்தையோ பிறர் நகைக்கத்தக்கதாக ஆக்குவது. பின்னதில் இகழ்ச்சி மேலோங்கி நிற்கும். மயன் சமைத்த மண்டபத்தில் நீரை நிலமென்று எண்ணி விழுந்த துரியோதனனைப் பார்த்து எழுந்த சிரிப்பு இவ்வகையது. அதன் பயனாகச் சூதாட்டமும், அதன் பயனாகப் போரும் வந்ததைப் பாரதம் கூறும்.

கற்றோர் வழங்கும் சொற்கள் மூன்று உள. ‘சார்க்காஸம்’ என்பது தசையைக் கிழித்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேட்பவர் நெஞ்சைக் கிழிக்கும் குத்தல் பேச்சு என்பதற்கு இதனினும் பொருத்தமான வேர் வேறு உண்டோ? ‘ஐரனி’ என்பது சொல் ஒன்றும் கருத்து வேறுமாகப் பேசுவது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டி நெய்பூசி அழகாக இருப்பதைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, அதியமானுடைய வேல்களோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் உள்ள இதுவே ‘ஐரனி’க்கு நல்ல சான்று. ‘சட்டையர்’ என்பதை நாம் அங்கதம் என்கிறோம். உலகின் குறையைச் சிரிப்பால் சுட்டிக் காட்டித் திருத்துவது அதன் நோக்கம். அங்கதம் வெளிப்படையாகவும் மறைவாகவும் வரும் என்று தொல்காப்பியர் பகுத்துள்ளார்.

விளையாட்டுச் சொற்களே ஏளனச் சொற்களாகத் திரிவது பல மொழிகளுக்கும் பொது. ஆங்கிலத்தில் ‘ஃபன்’, ‘கேம்’, ‘ஸ்போர்ட்’ என்னும் மூன்றும் களிப்பையும் ஆட்டத்தையும் குறிப்பவை. ‘மேக் ஃபன் ஆஃப்’ என்று தொடங்கினாலோ ஒருவன் இலக்காகிவிடுகிறான். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் ‘ஃபன்’ என்பதைத் தாழ்ந்த கொச்சைச் சொல் என்றே குறித்தார். அதற்கு முன் அச்சொல்லுக்கு ஏமாற்றுதல் என்ற பொருளும் இருந்தது. நம் ‘கேலி’யும் விளையாட்டு எனப் பொருள்படும் ‘கேளி’ என்னும் வடசொல்லின் வழி வந்ததே.

இத்திரிபினால் ஒரு தீங்கும் விளைகிறது. கொடுமையைச் செய்தவன் விளையாட்டுச் சொல்லின் பின் ஒளிந்துகொள்கிறான். தெருவில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘ஈவ் டீஸிங்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-இல் இயற்றிய சட்டமும் முதலில் அப்பெயரையே தாங்கியிருந்தது; 2002-இல் அச்சொல்லை நீக்கி, துன்புறுத்தல் எனப் பொருள்படும் ‘ஹராஸ்மென்ட்’ என்னும் சொல்லை இட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2012-இல், ‘ஈவ் டீஸிங்’ என்பது கொடுஞ்செயலுக்கு இட்ட மென்பெயர் என்று சுட்டியது. ‘ராகிங்’ என்ற சொல்லின் கதையும் இதுவே. ஆங்கில நாட்டு மாணவரின் குறும்புக் கூத்துக்குப் பெயராக இருந்த அது, இங்கே புதிய மாணவரை வதைப்பதற்குப் பெயராயிற்று. 1996-இல் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் கொலையுண்ட பின்னர், தமிழ்நாட்டில் 1997-இல் அதற்கும் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. நம் பிள்ளைகள் எந்த மாநிலத்தில் கல்லூரியில் சேர்ந்தாலும் இதனை அறிந்திருத்தல் நலம்.

இகழ்ச்சி விளையாட்டிலும் துன்பமே தரும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் கூறியிருப்பதை நாம் அறிவோம். அதை முதலில் நம் வீட்டிலேயே கைக்கொள்ள வேண்டும். உறவினர் கூடும்போது ஒரு பிள்ளையைக் ‘கறுப்பி’ என்றும் ‘குண்டன்’ என்றும் அழைத்துவிட்டு, ‘வேடிக்கைக்குச் சொன்னேன்’ என்கிறோமே, அப்பிள்ளை சிரித்ததா என்று நாம் பார்த்ததுண்டா?

என் கதையை முடித்துவிடுகிறேன். மறு வாரம் இரண்டாம் கடிதம் எழுதினேன். ‘ஜோக்’ என்ற சொல்லை விடுத்து, ‘மாக்’, ‘டாண்ட்’ என்னும் சொற்களை எழுதினேன். எந்த நாளில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் குறித்தேன். அன்று பிற்பகலே ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, ‘இதை முன்னரே எழுதியிருக்கக் கூடாதா?’ என்று கேட்டார். அப்பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். ஒருவன் பின்னர் என் மகனுக்கு நண்பனானான். மற்றவர்கள் நண்பராகாவிட்டாலும் சும்மா இருந்தார்கள். அதுவே போதுமாயிருந்தது.

ஆகவே அன்பர்களே, உங்கள் பிள்ளை வாட்டத்தோடு வீடு திரும்பினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீயும் சேர்ந்து சிரித்தாயா? நீ பதில் சொன்னபோது அவர்களும் சிரித்தார்களா? நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது விளையாட்டு, விட்டுவிடலாம். ‘இல்லை’ என்ற விடை வருமாயின், உரிய சொல்லைத் தேர்ந்து பள்ளிக்கு எழுதுங்கள்.