குட்டி யானைக்கு ஒரு கூரை

ஒரு பனியன் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், திருப்பூருக்குள்ளேயே அது பலமுறை வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. மில்லிலிருந்து நூல் நிட்டிங் பட்டறைக்கு வருகிறது. அங்கே பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறி உலர்ந்ததும் காம்பாக்டிங், அடுத்து கட்டிங். வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய், பவர் டேபிளில் தையலாகி, செக்கிங் முடிந்து பெட்டிக்குள் அடங்குகின்றன. இத்தனையையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கை நம்பியே ஓடுகிறது. நிட்டிங் ஒரு வீதியில், சாயம் வீரபாண்டியிலோ அருள்புரத்திலோ, தையல் வேறொரு மூலையில்.

இந்த மூலைகளையெல்லாம் இணைப்பது சின்னச் சரக்கு வண்டிகள். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது முக்கால் டன் ஏற்றும் நாலு சக்கர வண்டி என்பதே புதுசு. தமிழ்நாடு அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் இதே வேலைக்கு ஓடுகிறது. மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது திறந்த தொட்டி. பல வண்டிகளில் மூன்று பக்கமும் இறக்கக்கூடிய பலகை, மேலே வானம். அதில் ஏறும் சரக்கோ, தண்ணீரும் தூசியும் வெயிலும் ஆகாத சரக்கு.

ஆகாது என்பது வெறும் பேச்சில்லை. காம்பாக்டிங்கில் நீராவி கொடுத்து நீளவாக்கில் நெருக்கி அளவு நிறுத்திய துணி, வழியில் நனைந்தால் மறுபடி தளர்ந்து அளவு மாறிவிடும். வெளிர் நிறத் துணியில் மழைத்துளி விழுந்து காய்ந்த இடம் வளையமாகத் தெரியும். ஈரம் உள்ளே அடைபட்டால் பூசணம். ஏற்றுமதிக்குத் தயாரான அட்டைப் பெட்டி ஈரம் குடித்தால் வலுவிழந்து, அடுக்கின் அடியில் இருப்பது நசுங்கும். இந்தச் சேதத்தில் பெரும்பகுதி, வண்டியின் மேல் போடும் தார்ப்பாயைச் சரியாகத் தேர்ந்து சரியாகக் கட்டினாலே தவிர்க்கக்கூடியது. தரச் சோதனை என்றால் செக்கிங் மேசையை மட்டும் நினைக்கிறோம். சாலையில் கழியும் அந்த அரை மணி நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் தொட்டியின் விளிம்போடு ஒட்டினாற்போல் தட்டையான மூடி போடுகிறார்கள். சுருட்டுகிற வினைல் மூடி, மூன்றாக மடிகிற மூடி, பூட்டுப் போடக்கூடிய அலுமினிய மூடி என்று வகைகள் ஏராளம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இங்கும் அவை பொருந்தும். ஆனால் துணி ரோல்கள் பலகைக்கு மேலே இரண்டு மூன்றடி எழும்பி நிற்கும் வண்டிக்கு அந்த மூடி உதவாது. திருப்பூருக்கு வேண்டியது உயரம் தாங்குகிற கூரை.

அதற்கு மூன்று வழிகள். தொட்டியையே பெட்டியாக அடைத்து கண்டெய்னர் பாடி கட்டுவது ஒன்று. தைத்து முடித்த சரக்குக்கும் அட்டைப் பெட்டிக்கும் அதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் பெட்டியின் எடை, ஏற்றக்கூடிய சரக்கின் எடையைத் தின்றுவிடும். பக்கப் பலகையைத் திறந்து ரோலைத் தள்ளி ஏற்றவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எனவே திறந்த பாடியைப் பெட்டியாக்க நினைப்பவர் பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது வழி, இரும்புக் குழாயை வில்லாக வளைத்து நிறுத்தி அதன்மேல் படுதா போடுவது. மூன்றாவது, சரக்கின் மேலேயே தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் இறுக்குவது. ஒரு நாளைக்குப் பலமுறை ஏற்றி இறக்கும் ஜாப் ஒர்க் வண்டிக்கு இரண்டாவது வழியே மேல். போர்த்திக் கட்டும் வேலை பத்து நிமிடம் பிடிக்குமென்றால், பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று ஓட்டுநர் கட்டாமலே கிளம்புவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எளிதில் கட்டி அவிழ்க்க முடிகிற மூடியாகப் பார்த்து வாங்குவதுதான் உரிமையாளர் செய்ய வேண்டியது.

மூடிக்கு எந்தத் துணி என்பது அடுத்த கேள்வி. இதில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்று சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கு அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. டி-ஷர்ட் துணி 160, குளிருக்கான ஃபிளீஸ் 280 என்று தொட்டுப் பார்த்தே சொல்பவர்கள் அங்கே உண்டு. 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கட்டரை வைத்து அழுத்தி, வெட்டிய துண்டை எடைபோட்டு 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். தார்ப்பாய்க்கும் அதே அளவுதான். வெட்டக்கூடத் தேவையில்லை. 12 அடிக்கு 12 அடி தார்ப்பாயின் பரப்பு ஏறத்தாழ 13.4 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்றால் அது தராசில் சுமார் 2 கிலோ 700 கிராம் நிற்க வேண்டும். ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது என்றால் கையில் இருப்பது 110 ஜிஎஸ்எம்.

நூறு ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த நீலநிற பிளாஸ்டிக் விரிப்பு, வீட்டில் விறகை மூடப் போதும். ஓடுகிற வண்டியில் கிழிந்துவிடும். எச்டிபிஇ நாடாவை நெய்து இருபுறமும் பூச்சுக் கொடுத்த தார்ப்பாயில் 200 முதல் 250 வரை எடுத்தால் ஊருக்குள் ஓடும் வண்டிக்குச் சரி. இந்த வகைக்கு ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். எடையை மட்டும் நம்பவும் கூடாது. சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்ட முடியும். வெயில் தாங்கும் யு.வி. மருந்து சேர்த்ததா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது. அது சேராத பிளாஸ்டிக் நம்மூர் வெயிலில் சீக்கிரமே நொறுங்கி, இழை இழையாக உதிரும்.

அந்த இழைகள் திருப்பூரில் தனிக் கவலை. பருத்தியில் கலந்துவிடும் பிளாஸ்டிக் இழையை நூற்பாலைகள் வேட்டையாடி எடுக்கின்றன. காரணம், பருத்திக்கான சாயம் அதில் ஏறாது. சாயமிட்ட துணியில் வெள்ளைக் கீற்றாக நின்று காட்டிக்கொடுக்கும். பஞ்சுப் பொதியும் துணியும் ஏற்றும் வண்டியில் நைந்துபோன தார்ப்பாயை இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம் என்று வைத்திருப்பது, மழையைத் தடுக்கப் போய் வேறு பழுதை உள்ளே விடுவதாகும்.

பாலியெஸ்டர் துணியில் பிவிசி பூசிய லாரிப் படுதா 500, 600 ஜிஎஸ்எம் இருக்கும். அதே 12-க்கு 12 அளவில் எட்டுக் கிலோ வரை வரும். கனம்தான், விலையும் கூடுதல். ஆனால் வில் குழாயின் மேல் நிரந்தரமாகக் கட்டிவைக்க அதைவிட ஏற்றது இல்லை. உராய்வைத் தாங்கும், பஞ்சரானால் ஒட்டலாம். மெழுகு ஏற்றிய பழைய பருத்திப் படுதாவுக்குக் காற்றோட்டம் என்ற நல்ல குணம் உண்டு. நனைந்தால் கனமாகும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

காற்றோட்டத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சாயப்பட்டறையிலிருந்து முழுக்கக் காயாமல் வரும் துணியைப் பிளாஸ்டிக்கால் இறுக மூடி வெயிலில் நிறுத்தினால், ஆவி மேலெழும்பி மூடியின் உட்புறத்தில் துளியாகக் கோத்து, துணிமேலேயே சொட்டும். வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளிலும் மழைக்கறை வருவது இப்படித்தான். இதற்குத்தான் சரக்குக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விடும் வில் குழாய்.

மழையைவிடப் பெரிய எதிரி காற்று. திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மழை கொஞ்சம்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனியிலும் ஆடியிலும் விடாமல் அடிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அவிநாசி வழியாகக் கோவை நோக்கி, மேற்கே, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் படுதாவில் மோதுவது 80. அழுத்தம் காற்றில்லாத நாளைப்போல இரண்டரை மடங்கு. படபடவென்று அடித்துக்கொள்ளும் படுதா முதலில் கிழிவது நடுவில் அல்ல, ஐலெட் வளையத்தில். அதனால் வளையங்கள் மூன்றடிக்கு ஒன்று என்று வரும் தார்ப்பாயை வாங்கினால், இடையிடையே கூடுதல் வளையம் அடித்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக்கிக்கொள்வது அவசியம். ஓரத்தில் மடிப்புக்குள் கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா என்பதையும் விரலால் அழுத்திப் பார்க்கலாம்.

அளவெடுப்பதில் பலர் தொட்டியை மட்டும் அளக்கிறார்கள். டாடா ஏஸின் தொட்டி ஏறத்தாழ 7 அடி நீளம், நாலே முக்கால் அடி அகலம். சரக்கு தளத்திலிருந்து 4 அடி உயரம் எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் உச்சியிலிருந்து பலகையின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்க, பக்கத்துக்கு மூன்றரை அடி வேண்டும். ஆக அகலம் 12 அடி. முன்னால் கேபின் காப்பதால் ஒன்றரை அடி போதும், பின்னால் மூன்றரை. நீளமும் 12 அடி. ஓரம் மடித்துத் தைத்தபின் மிஞ்சும் அளவைத்தான் டேப் வைத்துப் பார்க்க வேண்டும்.

வில் குழாய் நிறுத்தும்போது தொட்டித் தகட்டில் புதிதாக ஓட்டை போடுவதைவிட கிளாம்ப் போட்டு இறுக்குவது மேல். ஓட்டை போட்டால் விளிம்பில் உடனே துரு எதிர்ப்பு பெயின்ட். குழாய்கள் இரண்டரை அடிக்கு ஒன்றாக இருந்தால் படுதா தொய்யாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் கனம் பயங்கரமானது: மூன்றடிக்கு இரண்டடி இடத்தில் மூன்று அங்குலம் நின்றாலே நாற்பது லிட்டருக்கு மேல். குழாய் உரசும் இடங்களில் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டால் படுதாவின் ஆயுள் கூடும்.

கட்டும்போது முன்பக்கத்தை முதலில் இறுக்க வேண்டும். கேபினுக்குப் பின்னால் ஒரு கை நுழையும் சந்து இருந்தாலும் காற்று புகுந்து முழுப் படுதாவையும் ஊதித் தூக்கும். மூலை மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்கட்டும். இரண்டு துண்டாகப் போடுவதானால் பின் துண்டைப் போட்டுவிட்டு அதன்மேல் முன் துண்டு. நைலான் கயிற்றோடு, டியூபில் வெட்டிய ரப்பர் பட்டைகளையும் இடையில் போட்டால் காற்றின் உதறலை அவை வாங்கிக்கொள்ளும். தொங்கும் கயிற்று நுனியைக் கட்டாயம் சொருக வேண்டும். இரு சக்கர வண்டிகள் நெருக்கியடித்துப் போகும் ஊரில் அந்த நுனி பக்கத்து வண்டியின் சக்கரத்தில் சிக்கினால் போவது உயிர். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. மூடி இருக்கிறதே என்று பக்கவாட்டில் பிதுங்க ஏற்றவும் கூடாது. சரக்கு பாடிக்கு வெளியே நீட்டினால், 2019-இல் திருத்திய சட்டத்தின்படி அபராதம் 20,000 ரூபாய்.

திருப்பூரின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். புரட்டாசிக்குள்ளேயே புது மூடியைச் சோதித்துவிடலாம். காலித் தொட்டியில் செய்தித்தாளை விரித்து, மூடியைக் கட்டி, ஊருக்கு வெளியே சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து கயிறுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஹோஸ் பைப்பில் தண்ணீரை மேலிருந்து கால் மணி நேரம், முன்னாலிருந்து சாய்வாகக் கால் மணி நேரம் அடிக்க வேண்டும். தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே ஒரு வளையமோ தையலோ மடிப்போ சரியில்லை. அதைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டு படுதா தைப்பவரிடம் எடுத்துப் போனால், தையலானால் பட்டி போட்டுத் தருவார், வளையமானால் புதிதாக அடித்துத் தருவார்.